திட்டு விழாத நாலு மாதம்

காய் நறுக்கும் பலகையை எரிகிற அடுப்பின் மேல் வைத்தது சர்வேயர்தான். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்தக் கடை எரிந்தாலும், எந்த வண்டி மோதினாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து, எதனால் ஆச்சு, யாரால் ஆச்சு என்று ஒன்பது பக்கத்துக்கு எழுதுகிற மனிதர் அவர். ஊரார் நெருப்பில் காட்டிய புத்திசாலித்தனத்தில் கால்வாசியை அன்று சொந்த அடுப்பில் காட்டியிருக்கலாம்.

விடுமுறை நாள், மத்தியான வேளை. மனைவி பழ சல்சா செய்வதாகச் சொல்லியிருந்தாள். மாம்பழம், அன்னாசி, வெள்ளரி, வெங்காயம் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, பச்சை மிளகாயும் புதினாவும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, உப்பைத் தூவிக் கிளறிவிட்டு, சாறு இறங்கக் கால் மணி நேரம் வைத்தால் முடிந்தது. அடுப்பே பற்றவைக்க வேண்டாத ஒரு பண்டத்தைச் செய்யும்போது சமையலறையில் தீ விபத்து உண்டாக்க ஒரு தனித் திறமை வேண்டும். சர்வேயருக்கு அது இருந்தது.

சற்று முன்னால் டீ போட்டவர், பாத்திரத்தை இறக்கினாரே தவிர அடுப்பை அணைக்கவில்லை. தீ சிம்மில், இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் எரிந்துகொண்டிருந்தது. மேடை முழுக்கத் தோலும் கொட்டையுமாகக் கிடந்ததால், நறுக்கிய மாம்பழத்தோடு பிளாஸ்டிக் பலகையைத் தூக்கி அடுப்பின் மேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

பேசி முடிக்கும் முன்பே வாசல் மணி அடித்தது. மேல் மாடி டீச்சர், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்க வீட்லதான் ஏதோ கருகுது. மூணாவது மாடி வரைக்கும் நாறுது!"

"இங்கேயா?" என்றாள் மனைவி. அன்னாசி நறுக்கிய கத்தி கையில் இருந்தது. அதுவரை ஹாலில், சாப்பாட்டு மேஜையில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எண்ணினால் நாலு எட்டு தூரம்.

சத்தம் கேட்டுப் பால்கனியிலிருந்து சர்வேயரும் வர, மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள். பலகை நடுவில் குழிந்து, ஓரங்கள் தொங்கி, அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. அதன் மேல் மாம்பழத் துண்டுகள் கறுப்புப் பாகில் மிதந்தன. சர்வேயர் கேஸை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாலு மாதமாகத் திட்டு காணாமல் போயிருந்தாலும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இனி வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அது வரவில்லை.

மனைவி பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லைங்க. வேற பலகை வாங்கிக்கலாம். கை எதுவும் சுடலையே?"

அவ்வளவுதான். டீச்சர்கூட ஏமாந்து போனாள் என்று அவள் முகம் சொன்னது.

சர்வேயருக்கு அங்கேதான் கவலை பிடித்தது.

அவருடைய கவலை புரிய வேண்டுமானால் அந்த வீட்டின் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். அவள் திட்டினால் அதில் ஒரு சங்கீதம் இருக்கும். ஒரு தடவை அவர் சட்டைப் பையில் பேனாவோடு துணியைத் துவைக்கப் போட்டபோது, "கண்ணை என்ன ஆபீஸ் டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டு வந்தீங்களா?" என்று ஆரம்பித்தவள், கல்யாணத்தன்று அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததில் போய்த்தான் நின்றாள். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்படிப்பட்டவள், அடுப்போடு ஒரு பலகையை உருக்கி வைத்திருக்கிறவரைப் பார்த்து, பரவாயில்லைங்க என்கிறாள்!

இதை ஆபீஸில் வாயைத் திறந்து சொன்னதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு. அதுவும் பக்கத்து மேஜைக்காரரிடம். எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமலே முத்திரை குத்துவதால் அவருக்கு ஸ்டாம்ப் என்று பெயர். மனைவி பிரிந்துபோய் ஏழு வருஷமாகத் தனியாக இருக்கிறவர்.

ஸ்டாம்ப் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

"திட்டவே இல்லையா?"

"இல்லை."

"முறைக்கவாவது?"

"கை சுட்டுச்சான்னு கேட்டா."

"ஐயோ சார்." ஸ்டாம்ப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சது. திட்டுற வரைக்கும் கடை திறந்திருக்குன்னு அர்த்தம் சார். திட்டு நின்னா, ஷட்டரை இறக்கிட்டாங்க. உள்ள மூட்டை கட்டுற வேலை நடக்குது. எனக்கு அப்போ தெரியலை. நாலு மாசம் சந்தோஷமா இருந்தேன். ஒருநாள் வீட்டுக்குப் போனா குக்கர் மட்டும்தான் இருந்துச்சு."

"குக்கர் மட்டுமா?"

"அதுலயும் விசில் இல்லை."

சர்வேயர் தன் மேஜைக்குத் திரும்பினார். வேலை ஓடவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில், மேலே 'சம்பவ விவரம்' என்று எழுதினார். கீழே வரிசையாக எழுதிக்கொண்டு போனார்.

ஒன்று, தினமும் காலையில், "சிலிண்டரை மூடிட்டீங்களா? நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்கிறாள். முன்பெல்லாம் அந்தப் பக்கம் அவரைச் சேர்க்கவே மாட்டாள். பாலைக் கொடுத்து, "கெட்டிருக்கா பாருங்க" என்கிறாள். ஊரில் இத்தனை பேர் இருக்க, பால் பண்ணையில் வேலை பார்க்கிறவள், வருகிற கேன் ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து முகர்ந்து, இது சேரும், இது சேராது என்று பிரிக்கிறவள், பண்ணையில் 'மூக்கு மேடம்' என்று பெயரெடுத்தவள், இவரிடம் கேட்கிறாள்! இது வேறென்ன? வேலையை விட்டுப் போகிறவர்கள் அடுத்த ஆளுக்குச் சாவிக்கொத்தை ஒப்படைப்பது போல, அவள் வீட்டை இவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது, வாரத்தில் மூன்று நாள் லேட்டாக வருகிறாள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லை."

மூன்றாவதை எழுதும்போது பேனா நின்றது. முன்பெல்லாம் அவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டைக் காலருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து, "இன்னைக்குப் பேப்பர் குடோன்" என்பாள். "பெயிண்ட் கடை." "லாரி ஷெட், கூடவே வெங்காய பஜ்ஜி சாப்பிட்டிருக்கீங்க." ஒருநாளும் தப்பினதில்லை. இவர் ஒன்பது பக்கத்தில் கண்டுபிடிப்பதை அவள் ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். இப்போது நாலு மாதமாக, எங்கே போனீர்கள், என்ன ஆச்சு, ஒரு வார்த்தை கிடையாது. கதவைத் திறக்கிறாள், உள்ளே போகிறாள்.

நாலாவது, சல்சா. அதுவும் சேர்ந்தாற்போல் நாலு மாதமாகத்தான். வாரத்தில் நாலைந்து நாள். செய்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கிறாள். "புதினா தெரியுதா? மாம்பழம் எப்படி இருக்கு, சொல்லுங்க. நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க." பிறகு அவள் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறாள். முகத்தில் ஏதோ கணக்குத் தப்பிப் போன மாதிரி ஒரு பார்வை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். வேறு யார் வீட்டு விஷயமாக இருந்தாலும் அந்த நிமிஷமே 'உள்நோக்கம் உறுதி' என்று கையெழுத்துப் போட்டிருப்பார். தாளை நாலாக மடித்து உள்பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை, அவர் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டது. கிசுகிசுவென்று. சர்வேயர் ஈரக் காலோடு நடைக்கதவின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். இடுப்பில் துண்டோடு ஒரு மனிதர் சொந்த வீட்டில் ஒளிந்து நிற்பது அவ்வளவு கம்பீரமான காட்சி அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கையில் எதையோ முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வா... இன்னைக்காவது வந்துடு," என்றாள் மெல்ல. "எத்தனை நாளைக்குத்தான் காத்துட்டிருக்கறது? ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போ. போதும் எனக்கு."

சர்வேயரின் துண்டு நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் போன் இல்லை. பாதி எலுமிச்சம்பழம்தான் இருந்தது. மேடையில் போனையும் காணோம்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"யார்கிட்டயும் இல்லையே."

"குரல் கேட்டுச்சு."

"ஒண்ணுமில்லைங்க. துண்டோட நிக்காதீங்க, சளி பிடிக்கும்."

பார்த்தீர்களா? ஈரக் காலோடு தரையெல்லாம் தடம் பதித்திருக்கிறார். அதற்கும் திட்டு இல்லை. போனை எங்கே அவ்வளவு வேகமாக ஒளித்தாள் என்று, அவள் வேலைக்குக் கிளம்பிய பின் அரிசி டப்பா வரை திறந்து பார்த்தார். அரிசிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சீக்கிரமே கிளம்பி, தெருமுனைப் பழக்கடைக்கு எதிரில் இருந்த பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லித் திருத்தினார்.

மனைவி வந்தாள். அவளுக்கும் பழக்காரருக்கும் பழக்கம் பல வருஷமாக. முன்பு அவள் பழம் வாங்குகிற அழகே வேறு. மாம்பழத்தைக் காம்புப் பக்கமாக ஒரு தடவை முகர்ந்து, "இது நாளைக்கு, இது இன்னைக்கு, இதை நீயே வெச்சுக்கோ" என்று பழக்காரரை அழவைப்பாள். இன்றைக்கு அவள் ஒரு பழத்தையும் தொடவில்லை. பழக்காரர்தான் எடுத்தார். ஒன்றை முகர்ந்து பார்த்து ஒதுக்கினார். இன்னொன்றை முகர்ந்தார், கத்தியால் ஒரு கீற்று வெட்டினார், அதையும் முகர்ந்துவிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்! நடுத்தெருவில்! கேட்டு, தலையை ஆட்டி, கடைசியில் லேசாகச் சிரித்தாள்.

நாலு மாதமாக வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

அவள் தெருத் திரும்பியதும் சர்வேயர் சாலையைக் கடந்தார். பழக்காரர் கனத்த உடம்பு, மீசை, நரைத்த தலை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் காதல் நாயகன் மாதிரி இல்லை. ஆனால் இருபது வருஷ சர்வீஸில் சர்வேயர் கற்ற பாடம், தீ வைக்கிறவன் முகத்தில் தீ தெரியாது என்பதுதான்.

"வாங்க சார்," என்றார் பழக்காரர். அதுவும் உறுத்தியது. அவளை அக்கா என்பார். தனக்கு மட்டும் சார்.

"இப்ப வந்துட்டுப் போனாளே, என்ன பேசிட்டிருந்தீங்க?"

"பழம் பத்தித்தான் சார்."

"பழத்தைப் பத்திப் பேச கண்ணை மூடணுமா?"

பழக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சார், வெள்ளரி நல்லா இருக்கு. ரெண்டு போடட்டுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவ இப்பல்லாம் ஏன் பழத்தைத் தொடறதில்லை?"

"அக்காகிட்டயே கேளுங்க."

"கேட்டாச்சு. ஒண்ணுமில்லைங்கறா."

"அப்ப ஒண்ணுமில்லை சார்."

"உங்களுக்கு ஏதோ தெரியும்."

பழக்காரர் துணியைக் கீழே வைத்தார். "தெரியும் சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் சொல்ல மாட்டேன்." பிறகு, தானே மனம் கேட்காமல், ஒரு கொய்யாவை எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க சார். முகமே சரியில்லை."

சர்வேயர் அந்தக் கொய்யாவை வாங்கிக்கொண்டதற்கு வீடு போகும் வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டார். தின்றுகொண்டேதான் நொந்தார்.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும்தான். மூன்றாம் நாள் ஆபீஸில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. மீன் கிடங்கு ஒன்றில் குளிர்சாதன இயந்திரம் நின்றுபோய், மூன்று நாள் யாரும் கவனிக்காமல், உள்ளே இருந்த மீன் அத்தனையும் அழுகிவிட்டது. பார்த்து எழுத வேண்டும்.

ஸ்டாம்ப் கோப்பை வாசலிலிருந்தே வீசினார். "நீங்களே போங்க சார். நான் முத்திரை மட்டும் குத்தறேன்."

கிடங்கின் கதவைத் திறந்ததும் கூட வந்த காவலாளி, "நான் வெளியில நிக்கறேன் சார்" என்று ஓடிவிட்டார். சர்வேயர் முகமூடி கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, எண்ணி, படம் எடுத்து வெளியே வந்தபோது, அந்த நாற்றம் சட்டையில், முடியில், நகக்கண்ணில், அவர் மடித்து வைத்திருந்த அந்தத் தாளில்கூட ஏறியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து போனாள். முன் சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். கடைசியில் பின்பாதி பஸ் முழுக்க அவருக்கே சொந்தமானது. கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே, "சார், இறங்கி நடந்து போனா உடம்புக்கு நல்லது," என்றார்.

நடந்தார். நடக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அழுகிய மீன் கிடங்கிலிருந்து வந்த ஒருவருக்கு வருகிற யோசனை இல்லை அது. மனசுக்குள் சின்னதாக விளக்கேற்றின மாதிரி இருந்தது.

இதற்குத் திட்டாமல் இருக்க முடியாது!

எந்த மனைவியாலும் முடியாது. ஷட்டரை இறக்கினவளாக இருந்தாலும், போகிற பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தவளாக இருந்தாலும், இந்தக் கோலத்தில் ஒருவன் வீட்டுக்குள் வந்தால் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் போவாள். குளியலறைக்குப் போகக் கூடாது, சட்டையை மாற்றக் கூடாது, நேரே அவள் எதிரில் போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் கால் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

மாடிப்படியில் டீச்சர் எதிரே வந்தாள். "வணக்கம் சா—" என்று ஆரம்பித்து, வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஓடினாள். சர்வேயருக்கு நம்பிக்கை கூடியது.

கதவைத் திறந்தது மனைவிதான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"வந்துட்டீங்களா? நல்லவேளை. வாங்க, அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் நறுக்கிக் கொடுங்க," என்றாள்.

உள்ளே போய்விட்டாள்.

சர்வேயர் வாசலிலேயே நின்றார். ஒரு நிமிஷம் கழித்துச் சமையலறைக்குப் போனார். புதுப் பலகை வாங்கியிருந்தாள், மரத்தில். மேடையில் கண்ணாடிக் கிண்ணம். மாம்பழம் ஒரே அளவில், தாயக்கட்டை மாதிரி நறுக்கி வைத்திருந்தாள். அன்னாசி அதைவிடப் பொடியாக. வெள்ளரியின் நடுப்பகுதியை வழித்து எறிந்துவிட்டு ஓரத்தை மட்டும் எடுத்திருந்தாள், தண்ணீர் விடக் கூடாதென்று. மிளகாயைக் கீறி விதையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு ஒட்டி, தோள் இடிக்க நின்றார். வேண்டுமென்றே கையைத் தூக்கி மேல் அலமாரியிலிருந்து எதையோ எடுப்பதுபோலப் பாசாங்கு செய்தார். தன்னுடைய நாற்றம் அவருக்கே குமட்டியது.

"வெங்காயத்தை நறுக்கித் தண்ணியில போடுங்க. காட்டம் குறையும்," என்றாள் அவள். ஒரு மாம்பழத் துண்டை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "இது எப்படி இருக்கு, சொல்லுங்க?"

அவர் மாம்பழத்தை வாங்கி மென்றார். இவ்வளவு தூரம் போய்விட்டாளா? பக்கத்தில் நிற்கிறவன் அழுகினாலும் ஒன்றுதான், மணத்தாலும் ஒன்றுதான் என்கிற இடத்துக்குப் போய்விட்டாளா? கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் கையில் இருந்தது ஒரு வசதி.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லாதே."

"என்ன?"

"நீ என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

மிளகாய் விதை எடுத்துக்கொண்டிருந்த விரல் நின்றது. "என்னது?"

"எல்லாம் தெரியும். சிலிண்டரை என்கிட்ட ஒப்படைச்சே. பாலை ஒப்படைச்சே. லேட்டா வர்றே. எலுமிச்சம்பழத்தைக் கையில வெச்சுட்டு யாரையோ வா வான்னு கூப்பிடறே. பழக்காரன் சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கான். எங்கே போனேன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்லை. பலகையை உருக்கினேன், திட்டலை. எவ்வளவு நாளா நான் திட்டு வாங்கலை தெரியுமா உனக்கு?" உள்பையிலிருந்து தாளை எடுத்து மேடையில் வைத்தார். "எழுதியே வெச்சிருக்கேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தாள். படித்தாள். 'சம்பவ விவரம்' என்பதைப் படிக்கும்போது உதடு சிரிக்கப் போனது. மூன்றாவதுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வேற எதுவும் வேண்டாம்," என்றார் சர்வேயர். "இன்னைக்கு நான் எங்கே போயிட்டு வந்தேன்? முன்ன மாதிரி சொல்லு. அது போதும்."

அவள் தாளைக் கீழே வைத்தாள். அவர் அருகில் வந்தாள். சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்து, அதில் மூக்கை வைத்து, நீளமாக, நெஞ்சு நிறைய இழுத்தாள். பின்பாதி பஸ்ஸைக் காலி செய்த அந்தச் சட்டையில், ஒரு பூவில் முகம் வைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தாள்.

"தெரியலை," என்றாள்.

"என்ன தெரியலை?"

"எனக்கு வாசனை வரலைங்க. நாலு மாசமா. அந்த ஜுரம் வந்துச்சே, நம்ம ரெண்டு பேருக்கும்? உங்களுக்குச் சளி போச்சு. எனக்கு மூக்கே போயிடுச்சு." அவள் மேடையில் சாய்ந்துகொண்டாள். ஆரம்பித்த பிறகு தானாக வந்தது. "பலகை எரிஞ்சது தெரியலை. டீச்சர் வந்து சொல்லித்தான் தெரிஞ்சது. உங்களை எந்த முகத்தோட திட்டறது? நாலு எட்டுல உக்காந்துட்டு, வீடு எரியறது தெரியாம அன்னாசி நறுக்கிட்டிருந்தவ நான். சிலிண்டர்ல கசிஞ்சாலும் எனக்குத் தெரியாது. அதான் உங்களைப் பாக்கச் சொன்னேன்."

"பண்ணையில?"

"ஒவ்வொரு கேன்லயும் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பாக்கறேன், சோதனைக் குழாய்ல போட்டுப் பாக்கறேன். கெட்ட பால் ஒண்ணுகூட உள்ள போகலை. ஆனா ஒரு இழுப்புல முடிக்கற வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. அதான் லேட். மூக்கு மேடத்துக்கு மூக்கு இல்லைன்னு எப்படிப் போய்ச் சொல்றது?"

"அந்த எலுமிச்சம்பழம்?"

"டாக்டர் சொன்னார். தினம் நாலு சாமானை முகர்ந்து பழகணுமாம். வரலாம், வராமலும் போகலாமாம். அதைத்தான் வா வான்னு கூப்பிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "சல்சாவும் அதுக்குத்தான். சோறு, குழம்பு எது சாப்பிட்டாலும் ஈர அட்டை மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் காரம் எரியுது, புளிப்பு கூசுது, வெள்ளரி கடிபடுது. சாப்பிடற மாதிரி இருக்கு. மீதியை உங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்."

"பழக்காரன்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லலை."

"நான் எங்கே சொன்னேன்? அழுகின பப்பாளியை எடுத்துப் பையில போட்டேன். அவராக் கண்டுபிடிச்சார். மாம்பழம் எப்படி மணக்குதுன்னு தினமும் அவர்தான் சொல்லுவார். உங்களைக் கேட்டா நல்லா இருக்குங்கறீங்க."

சர்வேயருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்பது பக்கம் எழுதுகிற மனிதர். கார் மோதினால் முதலில் பிரேக்கைப் பார், டிரைவரின் மனசை அப்புறம் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவர்.

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

அவள் அவர் சட்டைக் காலரை மறுபடி பிடித்துக்கொண்டாள். "மத்ததெல்லாம் போனது பெரிசா தெரியலை. ஆனா சாயங்காலம் கதவைத் திறந்தா நீங்க நிக்கறீங்க, நீங்கதானான்னே தெரியலை. சட்டைக்குள்ள யாரும் இல்லாத மாதிரி இருக்கு. நாலு மாசமா நீங்க வீட்டுக்கே வராத மாதிரி. இதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, எப்போ ஆச்சு, யார் சாட்சின்னு கேப்பீங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். வெங்காயக் கையோடு அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கிண்ணத்தில் மாம்பழம் தானாகச் சாறு விட்டுக்கொண்டிருந்தது.

"சரி, இப்பச் சொல்லுங்க," என்றாள் தோளிலிருந்து. "எங்கே போயிட்டு வந்தீங்க?"

"மீன் கிடங்கு."

"ம்."

"குளிர் மெஷின் மூணு நாளா ஓடலை."

அவள் தலை நிமிர்ந்தது.

"மூணு நாளா?"

"மொத்தமும் அழுகிப் போச்சு. ரெண்டு மணி நேரம் உள்ள நின்னேன்."

"அந்தச் சட்டையோடயா இங்க வந்து நிக்கறீங்க?" என்றாள். குரல் மெல்ல மெல்ல ஏறியது, பழைய ராகத்தில். "சாப்பிடற சாமான் பக்கத்துல? அந்தக் கையோடயா வெங்காயத்தைத் தொட்டீங்க? எனக்குத்தான் மூக்கு இல்லை, உங்களுக்கு என்ன கேடு? அறிவையும் அந்த ஐஸ் பெட்டியிலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா? நான் வேற போய் அதுல முகத்தை வெச்சு... ஐயோ! பஸ்ல வேற வந்தீங்களா? யாரும் அடிக்கலை உங்களை? போங்க, முதல்ல போய்க் குளிங்க! கதவைத் தொடாதீங்க!"

சர்வேயர் போனார். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குகிறவர் மாதிரி இருந்தது. கல்யாணத்தன்று செருப்பு மாறிய கதைக்கு அவள் வந்து சேர்வதற்குள் குளியலறை வாசலை அடைந்துவிட்டார். அங்கே நின்று திரும்பினார்.

"நான் முதல்ல கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை."

அவள் அவர் நறுக்கிய வெங்காயத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"போகலை," என்றாள். "எங்கேயும் போகலை. சோப்பை மூணு தடவை போட்டுத் தேய்ங்க. போட்டீங்களா இல்லையான்னு என்னால கண்டுபிடிக்க முடியாது."